ஷூபர்ட்டின் கடைசி சொனாட்டா: முதன்முறை கேட்பவர்களுக்கு

யாரோ சொன்னார்கள் என்று வியன்னா இசையமைப்பாளர் ஷூபர்ட்டின் பி ஃபிளாட் மேஜர் சொனாட்டாவை (நான்கு பகுதிகள் கொண்ட நீண்ட பியானோ இசை) போட்டுவிட்டு, பத்து நிமிடம் கழித்து "இன்னும் முதல் பகுதியே முடியலையா?" என்று நிறுத்தியவர்களுக்காக இதை எழுதுகிறேன். நானும் அப்படி நிறுத்தியவன்தான், அதுவும் இரண்டு முறை. மூன்றாம் முறை பிடிபட்டதற்குக் காரணம் இசை அறிவு வளர்ந்தது அல்ல. கவனிக்க வேண்டிய ஒரே ஒரு சுரம் எது என்று தெரிந்ததுதான். அந்தச் சுரத்தைப் பிடித்துக்கொண்டால் நாற்பது நிமிடமும் தானாக நடந்துவிடும். இந்தக் கட்டுரையில் நான் தரப்போவது அந்தக் கைப்பிடியை மட்டும்தான்.

முதலில் ஹெட்ஃபோன்

இது சின்ன விஷயம் போலத் தெரியும், ஆனால் இதில்தான் நான் முதலில் கோட்டைவிட்டேன். சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டே கைப்பேசி ஸ்பீக்கரில் கேட்டேன். அமைதியான மெட்டு, நடுவில் கொஞ்சம் இடைவெளி, மறுபடி மெட்டு. அவ்வளவுதான் என்று நினைத்தேன். அந்த "இடைவெளி"யில் இந்த சொனாட்டாவின் மிக முக்கியமான ஒலி இருந்திருக்கிறது. அது ஏறக்குறைய 46 ஹெர்ட்ஸில், பியானோவின் அடிமட்டத்தில், மிக மெல்லிய சத்தத்தில் வருகிறது. அவ்வளவு கீழே இருப்பதைக் கைப்பேசி ஸ்பீக்கரால் கொண்டுவர முடியாது. குழாய்த் தண்ணீர் சத்தம் வேறு.

ஆகவே காதை மூடும் சுமாரான ஹெட்ஃபோன் ஒன்று இருந்தால் போதும். ஒலியை வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூட்டி வையுங்கள், ஏனென்றால் இசை மிக மெதுவாகத்தான் தொடங்கும். நடுவே விளம்பரம் புகுந்துவிடும் இலவசத் தளங்களை மட்டும் தவிர்க்கப் பாருங்கள். இந்த சொனாட்டாவில் மௌனங்களுக்குப் பெரிய வேலை இருக்கிறது. அங்கே சோப்பு விளம்பரம் வந்தால் அன்றைய பொழுது போச்சு.

எதைத் தேடுவது, எதைத் தேர்ந்தெடுப்பது

தேடும்போது ஷூபர்ட் பெயரோடு "டி 960" என்று தட்டுங்கள். ஓட்டோ எரிக் டாய்ச் என்பவர் ஷூபர்ட்டின் படைப்புகளைக் காலவரிசைப்படி எண்ணிட்டு 1951-ல் ஒரு பட்டியல் வெளியிட்டார். அந்த "டி" அவர் பெயரின் முதலெழுத்து. 958, 959, 960 மூன்றும் ஒரே மூச்சில் எழுதப்பட்ட உடன்பிறப்புகள். நமக்கு வேண்டியது கடைக்குட்டி.

நூற்றுக்கணக்கான பதிவுகள் கிடைக்கும். தேர்ந்தெடுப்பதற்கு முன் முதல் பகுதியின் நீளத்தைப் பாருங்கள். சிலரிடம் 14, 15 நிமிடம் இருக்கும். சிலரிடம் 20 நிமிடத்தை ஒட்டியோ தாண்டியோ இருக்கும். இவ்வளவு வித்தியாசம் வேகத்தால் மட்டும் வருவதில்லை. முதல் பகுதியின் முற்பாதியை இன்னொரு முறை திரும்ப வாசிக்க வேண்டும் என்று ஷூபர்ட் குறித்திருக்கிறார். சிலர் அதை வாசிக்கிறார்கள், சிலர் விட்டுவிடுகிறார்கள். பியானோ கலைஞர் அல்ஃபிரெட் பிரெண்டல் விட்டுவிடும் கட்சி. அதற்காகவே எழுதியும் வாதாடியவர். அந்தப் பக்கம் ஸ்வியாட்டஸ்லாவ் ரிக்டர். அவர் திருப்பத்தை வாசிப்பதோடு நிற்காமல் வேகத்தையும் இழுத்துப் பிடிக்க, முதல் பகுதி மட்டுமே 24 நிமிடத்துக்கு மேல் போகும்.

என் ஆலோசனை இது. முதல் வாரம் வில்ஹெல்ம் கெம்ப்ஃப் 1967-ல் பதிவுசெய்ததைக் கேளுங்கள். பேச்சுபோல வாசிப்பவர், பயமுறுத்த மாட்டார். ஓரளவு பழகியதும் ரிக்டரின் 1972 பதிவுக்குப் போங்கள். நேராக ரிக்டரில் தொடங்குகிறவர்களும் உண்டு. அவர்களில் பாதிப் பேர் ஆயுள் அடிமைகளாகிறார்கள், மீதிப் பேர் தூங்கிவிடுகிறார்கள் என்பது என் சொந்தக் கணக்கு. ஷூபர்ட் காலத்துப் பியானோ எப்படி ஒலித்திருக்கும் என்று தெரிய வேண்டுமானால், 1820-ஐ ஒட்டிய வியன்னா கருவி ஒன்றில் ஆண்ட்ராஸ் ஷிஃப் வாசித்த பதிவு இருக்கிறது. அதில் அடிமட்டச் சுரங்கள் மரப்பெட்டியைத் தட்டினாற்போல் கரகரக்கும். அதையும் பிற்பாடு கேளுங்கள்.

முதல் நாள்: இரண்டே நிமிடம்

முதல் நாளில் முழுசாகக் கேட்க வேண்டாம். இரண்டு நிமிடத்தில் நிறுத்திவிடுங்கள். அந்த இரண்டு நிமிடத்தை ஐந்து முறை கேளுங்கள்.

தொடக்கம் எளிமையாக இருக்கும். ஸ்தாயியின் நடுவில், இரு கைகளும் நெருங்கி நின்று வாசிக்கும் ஒரு மெட்டு. கர்நாடக இசைக் காது உள்ளவர்கள் பி ஃபிளாட்டை ஸ என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ, நி-யைத் தொட்டுத் திரும்பி ஸ, ரி, க என்று ஒவ்வொரு படியாக ஏறி இறங்குகிறது. சங்கராபரணத்தின் சுரங்கள்தான். தாவல் கிடையாது, அலங்காரம் கிடையாது. கூட்டமாக நின்று மெல்லப் பாடுவது போல இருக்கும்.

ஏறக்குறைய அரை நிமிடத்தில் மெட்டு ப-வில் வந்து நிற்கும். இப்போது காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். வெகு ஆழத்தில் ஓர் உறுமல் கேட்கும். அடுத்தடுத்த இரண்டு சுரங்களை வேகமாக மாற்றி மாற்றி அடிப்பதை டிரில் என்பார்கள். பொதுவாக அது மேல் ஸ்தாயியில் பறவை கூவுவது போல வரும் அலங்காரம். இங்கே அதைக் கொண்டுபோய் அடிமட்டத்தில் வைத்திருக்கிறார். தூரத்தில் இடி இடித்து, "மழை வருமோ?" என்று நாம் ஜன்னல் பக்கம் திரும்புவோமே, அப்படி. அதற்கப்புறம் மௌனம். பிறகு ஒன்றுமே நடக்காதது போல அதே மெட்டு மறுபடி தொடங்குகிறது.

அந்த உறுமல் எந்தச் சுரம்? ஜி ஃபிளாட். நம் கணக்கில் சுத்த தைவதம். சங்கராபரணத்தில் அந்தத் தைவதத்துக்கு இடமே இல்லை. கச்சேரியில் யாராவது அங்கே சுத்த தைவதத்தைத் தொட்டால் முன்வரிசை நிமிர்ந்து உட்காரும். ஷூபர்ட் அதை எட்டாவது அளவிலேயே (அளவு என்பது நம் ஆவர்த்தனம் போன்ற தாளச் சுற்று, ஆங்கிலத்தில் பார்), யாருக்கும் தொந்தரவு இல்லாமல், தரைக்கடியில் புதைத்து வைக்கிறார்.

நான் சொன்ன கைப்பிடி இதுதான். மேலே சொன்ன ஸ, ப எல்லாம் பழக்கமில்லை என்றால் கவலை வேண்டாம். "அடியில் உறுமும் அந்த வேற்றுச் சுரம்" என்று மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னும் கொஞ்சம் கேளுங்கள். இரண்டாம் முறை மெட்டு முடிந்ததும் மறுபடி உறுமல். இந்த முறை அது அடங்கிப் போய்விடாது. இசை மொத்தமும் கீழே இறங்கி அந்த சுத்த தைவதத்தையே புது ஸ-வாக வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடும். அதே மெட்டுதான், ஆனால் வெளிச்சம் வேறு. இடது கை ஓடைபோல ஓடத் தொடங்கியிருக்கும். மேடையில் யாருக்கும் தெரியாமல் சுருதிப் பெட்டியைத் திருப்பிவிட்டது போல. முதல் நாளுக்கு இது போதும்.

ஸ நகர்கிறது

மறுநாள் முதல் பகுதியை முழுசாகக் கேளுங்கள். நம் காதுக்கு இங்கேதான் ஒரு பழக்கம் தேவைப்படும். நம் இசையில் தம்பூரா தொடக்கம் முதல் கடைசி வரை ஒரே ஸ-வில் மீட்டிக்கொண்டிருக்கும். கிரகபேதம் (நடுவில் வேறொரு சுரத்தை ஸ-வாக வைத்துக்கொள்வது) செய்தாலும் நொடியில் வீடு திரும்பிவிடுவோம். சொனாட்டாவில் ஸ இடம்பெயர்வதுதான் கதையே. வீட்டை விட்டுப் புறப்படுவது, ஊர் சுற்றுவது, திரும்பி வருவது. எந்தச் சுரத்துக்குப் பெயர்ந்தது என்று கணக்குப் போட வேண்டாம். "இப்போது வீட்டில் இருக்கிறோமா, வெளியூரிலா?" என்று மட்டும் அவ்வப்போது கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டு நிமிடத்தைத் தாண்டியதும் (ரிக்டரிடம் இன்னும் தாமதமாக) மெட்டு திடீரென்று மைனருக்கு, அதாவது சோகச் சாயல் கொண்ட சுர வரிசைக்கு மாறி ஒரு வாட்டம் வரும். அது எஃப் ஷார்ப் மைனர். எஃப் ஷார்ப்பும் ஜி ஃபிளாட்டும் பியானோவில் ஒரே கட்டைதான்! தரைக்கடியில் உறுமிய அதே சுரம் இப்போது வேறு பெயரில் தலைவாசலுக்கு வந்துவிட்டது. இதைக் கவனித்த அன்று நான் எழுந்து அறைக்குள் இரண்டு சுற்று நடந்தேன்.

திருப்பத்தோடு வாசிக்கும் பதிவாக இருந்தால், முற்பாதி முடிந்து தொடக்கத்துக்குப் போகும் இடத்தில் ஒன்பது அளவுகள் வரும். வேறெங்கும் இல்லாத தடுமாற்றமும் படபடப்பும் அங்கே உண்டு. அந்த உறுமலும் இந்த ஓர் இடத்தில் மட்டும் உரத்த குரலில் வெடிக்கும். திருப்பத்தை விட்டுவிட்டால் இந்த ஒன்பது அளவுகளும் சேர்ந்தே போய்விடும். பிரெண்டலுக்கு அந்த வெடிப்பு மற்ற இசையோடு ஒட்டவில்லை என்று பட்டது. எனக்கோ அது இல்லாமல் கேட்டால், இடி சத்தம் கேட்டுக்கொண்டே இருந்து கடைசிவரை மழை பெய்யாமல் போன மாதிரி இருக்கிறது. நீங்கள் இரண்டையும் கேட்டு முடிவு செய்யுங்கள்.

நடுப்பகுதியில் இசை வெகுதூரம் போகும், சத்தமும் கூடும். பின்பு ஓரிடத்தில் எல்லாம் ஓய்ந்து, ஒரே மாதிரி தட்டும் கார்டுகளுக்கு (சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டங்களுக்கு) மேலே மெட்டின் துண்டுகள் மட்டும் மிதக்கும், கீழே டிரில் எட்டிப் பார்க்கும். வீடு கண்ணுக்குத் தெரிகிறது, ஆனால் உள்ளே போக முடியவில்லை என்பது போன்ற இடம். அதைத் தாண்டித்தான் முதல் மெட்டு திரும்பி வரும். பகுதி அமைதியாக முடிவதற்குச் சற்று முன் அந்த உறுமலை இன்னொரு முறை, மிக மெலிதாக, கேட்பீர்கள்.

"நீளமாக இருக்கிறதே" என்று இன்னும் தோன்றினால் வெட்கப்பட வேண்டாம். இசையமைப்பாளரும் விமர்சகருமான ராபர்ட் ஷூமன், 1838-ல் இந்தக் கடைசி சொனாட்டாக்களைப் பற்றி எழுதியபோது, பக்கம் பக்கமாக முடிவே இல்லாதது போல ஓடிக்கொண்டிருப்பதாகத்தான் சொன்னார். கொஞ்சம் ஏமாற்றமும் அந்த எழுத்தில் உண்டு. அடுத்த வருடம் டியாபெல்லி பதிப்பகம் இவற்றை அச்சிட்டபோது காணிக்கை ஷூமனுக்கே போய்ச் சேர்ந்தது வேடிக்கை. ஷூபர்ட் உண்மையில் ஹும்மல் என்ற பியானோ கலைஞருக்குக் காணிக்கையாக்க நினைத்திருந்தார். அவரோ 1837-லேயே காலமாகிவிட்டார்.

வாழ்க்கைக் கதை எவ்வளவு தெரிய வேண்டும்

கொஞ்சம் போதும். 1828 செப்டம்பரில் ஷூபர்ட் வியன்னாவின் வீடன் பகுதியில் அண்ணன் ஃபெர்டினாண்டின் வீட்டுக்குக் குடிபோனார். புதிதாகக் கட்டிய, ஈரம் காயாத வீடு. மூன்று சொனாட்டாக்களின் இறுதிப் படியையும் அந்த மாதத்தில் எழுதி முடித்தார். நம் சொனாட்டாவின் கையெழுத்துப் படியில் செப்டம்பர் 26 என்று தேதி இருக்கிறது. நவம்பர் 19-ல் இறந்துவிட்டார். வயது 31.

இதை வைத்து "சாவைப் பார்த்துக்கொண்டே எழுதிய இசை" என்று எழுதாத ஆல்பம் அட்டை அபூர்வம். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. பல வருடமாக உடம்பு சரியில்லாதவர்தான், அதை மறுக்க முடியாது. ஆனால் அக்டோபர் 2-ம் தேதி லைப்சிக் பதிப்பாளருக்குக் கடிதம் எழுதி, மூன்று சொனாட்டா இருக்கிறது, வாங்கிக்கொள்கிறீர்களா என்று கேட்கிறார். நவம்பர் தொடக்கத்தில், அதாவது சாவதற்கு இரண்டு வாரம் முன்பு, சீமோன் செஹ்டர் என்ற ஆசிரியரிடம் போய் கவுன்டர்பாயின்ட் (பல மெட்டுகளை ஒரே நேரத்தில் இணைத்து எழுதும் கலை) பாடம் கற்க ஆரம்பிக்கிறார். மூட்டை கட்டியவன் டியூஷனில் சேருவானா? முடிவுரை என்ற எண்ணத்தோடு கேட்டால் மூன்றாம் பகுதியின் துள்ளலுக்கு அர்த்தமே இல்லாமல் போகும். அந்தக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேளுங்கள்.

இரண்டாம் பகுதி: இதை மட்டும் வீடியோவில் பாருங்கள்

பத்து நிமிடத்தை ஒட்டி வரும் இந்தப் பகுதிக்காகவே மொத்த சொனாட்டாவையும் கேட்கிறவர்கள் உண்டு. சி ஷார்ப் மைனர். பி ஃபிளாட்டிலிருந்து இவ்வளவு தூரத்தில் இரண்டாம் பகுதியைக் கொண்டுபோய் வைப்பது அந்தக் காலத்துக்கு அசாதாரணம்.

கலைஞரின் கைகள் தெரியும் வீடியோ ஒன்றைத் தேடிப்பிடியுங்கள். வலது கை நடுவில், அசையாமல் நின்று, இணைச் சுரங்களாக ஒரு சோகமான மெட்டை வாசிக்கும். இடது கைதான் பாவம். கீழே ஆழத்தில் சி ஷார்ப்பைத் தொட்டு, எழும்பி மேலே வந்து அதே சுரத்தை அடுத்த ஸ்தாயியில் தொட்டு, வலது கையைத் தாண்டிப் பறந்து அதற்கும் மேலே தொட்டு, மறுபடி கீழே. ஒவ்வொரு அளவிலும் இதே சுற்று. கிணற்றில் நீர் இறைக்கிறவர் குனிந்து நிமிர்வது போல, ஒரே சீராக. கேட்கும்போது மூன்று கைகள் வாசிப்பது போல இருக்கும். பார்த்தால் இரண்டே கைகள்.

மைய இடத்தில் ஏ மேஜருக்கு மாறி, இறுக்கம் தளர்ந்து, ஆண் குரல் பாடுவது போல ஒரு கனிவான மெட்டு வரும். அது முடிந்து பழைய சோகம் திரும்பும்போது இடது கையின் சுற்றில் ஒரு சின்னத் தட்டல் கூடியிருக்கும். நெஞ்சுத் துடிப்பு போல. அதைக் கவனிக்கத் தவறாதீர்கள்.

அப்புறம் அந்த இடம். பகுதி முடியப் போகிற நேரத்தில், மைனரின் மெட்டு வழக்கம்போல் அடுத்த படிக்குப் போக வேண்டிய தருணத்தில், தரை வழுக்கினாற்போல் இசை சி மேஜருக்குள் நுழையும். ஸ அரைச் சுரம் கீழே இறங்கிவிட்டது. சத்தமோ இருப்பதிலேயே மிகக் குறைவு. முன்னறிவிப்பும் கிடையாது, காரணமும் தெரியாது. நல்ல கலைஞர்கள் அங்கே மூச்சைப் பிடித்துக்கொண்டு வாசிப்பார்கள். நிமிடக் கணக்கு சொல்லாமல் விடுகிறேன், ஏனென்றால் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தால் அது வராது. தானாக நேரும்போது உங்களுக்கே தெரியும். அங்கிருந்து மெல்லத் திரும்பி, சி ஷார்ப் மேஜரில், அதாவது அதே ஸ-வில் மலர்ந்த முகத்தோடு, பகுதி அடங்கும்.

இதைக் கேட்டதும் உடனே அடுத்த பகுதிக்குப் போகாமல் அரை நிமிடம் நிறுத்தி வைத்தாலும் குற்றமில்லை.

மூன்றாம் பகுதி

நாலு நிமிடம். மென்மையோடு துள்ள வேண்டும் என்று ஷூபர்ட்டே குறித்திருக்கிறார். காலை வெயிலில் குழந்தை ஓடுவது போல. நடுவில் பி ஃபிளாட் மைனரில் ஒரு குட்டிப் பகுதி, அதில் இடது கை தாளம் தப்பியது போல அங்கங்கே இடிக்கும். அப்புறம் மறுபடி ஓட்டம். இதற்கு வழிகாட்டி தேவையில்லை.

நாலாம் பகுதி: அந்தச் சுரம் எங்கே போயிற்று

மணி அடித்தாற்போல் ஒரு தனிச் சுரம். அதுதான் தொடக்கம். ஜி, நம் கணக்கில் சதுஸ்ருதி தைவதம். அதை அடித்துவிட்டு, வேறு ஏதோ ஊரில் இருப்பது போல மைனரில் ஒரு மெட்டு கிளம்பி, போகிற போக்கில் "ஓ, நம் வீடு இங்கேதானே" என்று பி ஃபிளாட்டுக்குள் வந்துவிடும். மெட்டு திரும்பத் திரும்ப வரும். ஒவ்வொரு முறையும் முன்னால் அந்த மணி. பீத்தோவன் 1826-ல் தன் பி ஃபிளாட் குவார்ட்டெட்டுக்கு (நான்கு தந்திக் கருவிகளுக்கான இசை) மாற்றி எழுதிய கடைசிப் பகுதியும் இப்படித்தான் ஜி-யில் தொடங்கி விளையாடும். பீத்தோவன் இறுதி ஊர்வலத்தில் தீப்பந்தம் ஏந்திச் சென்றவர்களில் ஷூபர்ட்டும் ஒருவர். ஆகவே இது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை.

ஒருமுறை மட்டும் உஷாராக இருங்கள். கலகலப்பான இரண்டாம் மெட்டு ஓடிக்கொண்டே இருந்து சட்டென்று நிற்கும். முழு மௌனம். பதிவு நின்றுவிட்டதோ என்று திரையைப் பார்ப்பீர்கள். அப்போது எஃப் மைனரில் முழுச் சத்தத்தோடு அறை விழும். ஹெட்ஃபோனில் ஒலியைக் கூட்டி வைக்கச் சொன்னவன் நான்தான், மன்னியுங்கள்.

கடைசி இரண்டு நிமிடத்துக்கு வரும்போது மற்ற எல்லாவற்றையும் மறந்துவிட்டு அந்த மணியை மட்டும் எண்ணுங்கள். மணி அடிக்கும், மெட்டின் ஒரு துணுக்கு வரும், நிற்கும். பிறகு மணி அரைச் சுரம் கீழே அடிக்கும். அது எந்தச் சுரம் என்று பாருங்கள். ஜி ஃபிளாட்! நாற்பது நிமிடத்துக்கு முன்னால் தரைக்கடியில் உறுமிய அதே சுத்த தைவதம், இப்போது ஒளிவுமறைவில்லாமல் மேலே வந்து நிற்கிறது. மறுபடி ஒரு துணுக்கு, மறுபடி நிறுத்தம். மூன்றாம் மணி இன்னும் அரைச் சுரம் கீழே, எஃப். பஞ்சமம். த, த, ப என்று மூன்றே படிகளில் இறங்கியாயிற்று. அடுத்த நொடி வேகம் இரட்டிப்பாகி, கைகள் பறந்து, மூச்சு விடுவதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

அங்கே நிறுத்திவிடாமல், உடனே முதல் பகுதியின் முதல் அரை நிமிடத்தை மட்டும் மறுபடி போட்டு, அந்த உறுமல் வரை கேளுங்கள்.